ரப்பரா, எஃகா?

ரப்பர், எஃகு: எதற்கு மீட்சித்தன்மை அதிகம்? பிளஸ் ஒன் வகுப்பில் கேட்டால் பலரும் 'ரப்பர்' என்பார்கள். விடை, எஃகு! எளிதில் நீளாமல் எதிர்த்து நிற்பதுதான் இயற்பியலில் கணக்கு.

நீட்சிக்கும் விசைக்கும் உள்ள உறவைக் கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-இல் அதை 14 எழுத்துப் புதிராகக் கலைத்துப்போட்டு வெளியிட்டவர், 1678-இல்தான் முடிச்சை அவிழ்த்தார்: விசை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும்.

இதோ ஒரு கணக்கு. 2 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு. இந்த அளவுள்ள ஓர் எஃகுக் கம்பியில் 10 கிலோ தொங்குகிறது. எவ்வளவு நீளும்? சுமார் 1 மில்லிமீட்டர்தான்!

சூத்திரம் தெரிந்தவர்களும் வழுக்குவது அலகில். சதுர மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை ஆயிரத்தில் ஒன்று என்று எழுதினால், கம்பியின் நீட்சி தலைமுடியின் தடிமனைவிடச் சிறியதாகிவிடும்.