தன் காலில் நிற்க விழையும் ஐரோப்பா



ஒரு நாட்டின் சுதந்திரத்தை அதன் கொடியைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அதன் அடுப்பு யாருடைய எரிபொருளால் எரிகிறது, அதன் எல்லையை யாருடைய படை காக்கிறது, அதன் வாணிபம் யாருடைய நாணயத்தில் நடைபெறுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு ஐரோப்பாவை நோக்குவோம்.

1956ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலுடன் சேர்ந்து, சுயெஸ் கால்வாயின் பொருட்டு எகிப்தின் மீது படையெடுத்தன. அமெரிக்கா அதனை எதிர்த்தது. பவுண் நாணயம் தளர்ச்சியுற்றபோது, அதனைத் தாங்குவதற்கு வேண்டிய உதவிக்குத் தடையாக நின்றது. படைகள் இறங்கிய மறுநாளே போர் நிறுத்தத்துக்கு இணங்க நேர்ந்தது. இத்தோல்வியிலிருந்து இரு நாடுகளும் இருவேறு பாடங்களைக் கற்றன. அமெரிக்காவை விட்டு விலகலாகாது எனப் பிரித்தானியா எண்ணிற்று. அமெரிக்காவையே நம்பியிருத்தலாகாது எனப் பிரான்சு எண்ணிற்று. 1957 மார்ச்சு 25ஆந் திகதி பிரான்சு உட்பட ஆறு நாடுகள் உரோமாபுரியில் கைச்சாத்திட்டுப் பொதுச் சந்தைக்கு அடிகோலின. 1966இல் ஜனாதிபதி டி கோல், நேட்டோவின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கினார். 2009இலேயே அது மீண்டும் அதிற் சேர்ந்தது.

அன்றைய பொதுச் சந்தை இன்று 27 நாடுகளின் ஒன்றியமாக வளர்ந்துள்ளது. 1999 முதல் யூரோ என்னும் நாணயமும் உண்டு. எனினும், 2018இல் ஈரானுடனான அணு உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா விலகியபோது நிகழ்ந்தது யாது? உடன்படிக்கையைக் காக்க ஐரோப்பிய அரசுகள் விரும்பின. ஆனால், அவற்றின் பெருங் கம்பெனிகளோ அமெரிக்கத் தடைக்கு அஞ்சி ஈரானை விட்டு வெளியேறின.

2021இல் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் ருஷ்யாவிலிருந்தே வந்தது. 2022இல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபின் அவ்வரவு பெரிதுங் குறைந்து, விலை வானளாவ உயர்ந்தது. அவ்விடத்தை நிரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்காவின் திரவ வாயுவுக்கு உண்டு. சூரிய ஒளித் தகடுகளுக்கும், மோட்டார்களுக்கு வேண்டிய அருமண் காந்தங்களுக்கும் சீனாவின் கையையே எதிர்பார்க்க வேண்டியுள்ளது. ஒரு கடையில் வைத்த கடனை அடைக்க மறு கடையிற் கடன்படுவது விடுதலையாகாது.

பணமும் அறிவும் ஐரோப்பாவிடம் இல்லாமலில்லை. ஒருமித்த அச்சமும் ஒருமித்த நம்பிக்கையுமே அரிதாயுள்ளன. ருஷ்யாவை அடுத்து வாழும் போலந்துக்கு அமெரிக்கப் படை அரண். பிரான்சுக்கோ ஐரோப்பாவின் சொந்தப் படைவலியே முதன்மை. வெளிநாட்டுக் கொள்கையிலோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும்.

எவரையுஞ் சாராது வாழ்தல் இக்காலத்தில் எந்நாட்டுக்கும் இயலாது. ஒரு கதவு அடைபடும்போது மறு கதவு திறந்திருக்குமாறு செய்து கொள்வதே இயன்ற சுதந்திரம். அக்கதவைத் தன் கையால் அமைத்தற்கு ஐரோப்பா ஒருமனப்படுமா என்பதே கேள்வி.