ஒரே அட்டவணை, ஒரே சம்பளமா?

(புதுச்சேரி முல்லா வீதியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





“அரசாங்க உத்தியோகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது?” என்று சற்று முன்பு ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் ஊதியக் குழு விகிதம்தான். அந்த அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி என்று எங்கும் கிடையாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. சம ஊதியம் பற்றிய உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 1958லேயே ஏற்றது. 1976ல் சம ஊதியச் சட்டம் வந்தது. 2019ன் ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நாகரிகத்தின் தொட்டில் என்று சொல்லிக்கொண்ட இங்கிலாந்தோ தன் அரசு ஊழியப் பெண்களுக்குச் சம ஊதியம் தர 1955ல்தான் ஒப்புக்கொண்டது. அதையும் தவணை முறையில் கொடுத்து 1961ல்தான் முடித்தது!

ஆனால் சம்பளம் சமம் என்பதால் எல்லாம் சமம் ஆகிவிடாது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி சி.பி.முத்தம்மா. அவர் சேர்ந்த ஆண்டு 1949. திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும், திருமணமான பெண் பதவியை உரிமையாகக் கேட்க முடியாது என்றெல்லாம் அந்தப் பணியில் விதிகள் இருந்தன. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். ஆணுக்கு இல்லாத விதி பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பதே அங்கே கேள்வி.

இன்று அப்படி எழுதப்பட்ட விதி இல்லை. எழுதப்படாதவை இருக்கின்றன. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ஒரு மாநிலம் போல இருந்தாலும் நான்கு துண்டு. காரைக்கால் பரவாயில்லை, போய்வந்துவிடலாம். மாஹே மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில். பதவி உயர்வு ஆணை வருகிறது, இடம் ஏனாம் என்று போட்டிருக்கிறது. ஆண் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். பெண்ணாக இருந்தால், “பிள்ளைகளை யார் பார்ப்பது? சம்பளம் இவ்வளவு போதும், எழுதிக் கொடுத்துவிடு” என்று வீடு சொல்கிறது. அவரும் எழுதிக் கொடுக்கிறார்.

அந்த ஒரு தாளின் விலை என்ன தெரியுமா? பதவி உயர்வை மறுத்தால் ஓராண்டுக்கு மறுபடி அழைப்பில்லை; பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார். பதவி உயர்வே கிடைக்காதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் தரப்படும் ஊதிய மேம்பாடும் உரிய காலத்தில் வராது. ஒரே நாளில் வேலையில் சேர்ந்த இருவரில் ஒருவர் அதிகாரியாக ஓய்வு பெறுவார், இன்னொருவர் எழுத்தராகவே நிற்பார். அட்டவணை அப்போதும் சமமாகத்தான் இருக்கும்!

விடுப்பிலும் இதே கதைதான். மகப்பேறு விடுப்பு 180 நாள். குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 விழுக்காடு. இவை உரிமைகள். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல், மருத்துவச் சான்றும் இல்லாமல், சம்பளமில்லா விடுப்பில் மாதக்கணக்கில் போய்விடும் சகோதரிகள் உண்டு. அந்தக் காலம் ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

2023ல் நம் அரசு ஒரு சலுகை அறிவித்தது நினைவிருக்கும். மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை பெண் ஊழியர்கள் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வரலாம், வீட்டில் பூஜை முதலியவற்றைச் செய்ய வசதியாக. பலர் பாராட்டினார்கள். வீட்டு வேலை பெண்ணுடையதுதான் என்று அரசே முத்திரை குத்தலாமா என்று சிலர் கேட்டார்கள். நான் இரண்டாமவர் பக்கம். வெள்ளிக்கிழமை நமக்கும் முக்கியமான நாள்தான். ஆனால் இரண்டு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, பொறுப்பான இருக்கைக்கு ஆள் தேடும்போது “அந்த அம்மா வெள்ளிக்கிழமை இருக்கமாட்டாரே” என்று சொன்னால் லாபம் யாருக்கு?

இனி, அட்டவணைக்குள்ளேயே வராதவர்களைப் பார்ப்போம். 1975 அக்டோபர் 2ல் தொடங்கியது அங்கன்வாடித் திட்டம். பணியாளர் அனைவரும் பெண்கள். வேலை அரசுடையது, பதிவேடும் அரசுடையது. சம்பளத்துக்கு மட்டும் பெயர் ‘மதிப்பூதியம்’! மத்திய அரசு 2018 அக்டோபரில் அதைப் பணியாளருக்கு 3,000லிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500லிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தியது. மாநிலங்கள் தங்கள் பங்குக்குச் சேர்ப்பதுண்டு. ஏழாவது ஊதியக் குழுவில் கடைநிலை ஊழியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 18,000. மத்திய அரசின் தொகையை மட்டும் வைத்தால் பணியாளருக்கு அதில் கால் பங்கு, உதவியாளருக்கு எட்டில் ஒரு பங்கு. ஆண்கள் செய்யும் ஏதாவது ஒரு வேலைக்கு இப்படி ‘மதிப்பு’ கொடுத்துப் பார்க்கட்டும்!

கர்நாடக அரசுக்கும் அமீர்பீ என்பவருக்கும் இடையிலான வழக்கில், இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. மதிப்பூதியம் என்று பெயரிட்டாலும் பணிக்கொடைச் சட்டப்படி அது ஊதியமே என்று ஏற்றது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இதைத் தள்ளித் திறக்க நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுவோடு போக வேண்டும். அந்த மனுவில் நம் பெண்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் படையில் இருந்து வந்த சொல்தா வீட்டு விதவைக்குப் பென்ஷன் எவ்வளவு துணையாக நின்றது என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. அது கணவர் சம்பாதித்தது. மகளே சம்பாதித்தால் ஏன் தயங்குகிறீர்கள்? மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது என்பது ஷரீஅத். அவர் சம்பள அட்டையைக் கணவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் வீடுகள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

அரசு வேலையில் இருக்கும் சகோதரிகள் பதவி உயர்வை மறுத்து எழுதும் முன், விடுப்புக்கு விண்ணப்பிக்கும் முன், விதி தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள். வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் ஓய்வு பெற்ற அலுவலர்கள் இருவர் இங்கே இருப்பார்கள். தேர்வு விண்ணப்பம் நிரப்ப வேண்டியவர்களும் சான்றிதழ் நகல்களோடு வரலாம்.