சீனம் பேசத் தொடங்குவோர்க்கு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

"கூலிக்கும் சோற்றுக்கும் போராடும் நமக்குச் சீன மொழி எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமற்கிருதம் பயில விரும்பினார். தீண்டாமை குறுக்கே நின்றது. பாரசீகம் படிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் தம் சொந்த முயற்சியால் சமற்கிருதத்தையும் கற்றார். எம்மொழி நமக்கு ஆகும், எம்மொழி ஆகாது என்பதைப் பிறர் முடிவு செய்த காலம் அது. இனி அதை நாமே முடிவு செய்வோம்.

வேறொரு காரணமும் உண்டு. வகுப்பறையில் நம் பிள்ளை ழகரத்தைப் பிறழ ஒலித்தால் சிரிப்பார்கள். அச்சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சீனமோ நம்மூரில் எவருக்கும் பாட்டன் சொத்தன்று. அவ்வகுப்பில் எல்லோர் நாவும் ஒருங்கே தடுமாறும்.

முதல் தடுமாற்றம் குரலின் ஏற்ற இறக்கத்தில் நேரும். மாண்டரின் எனப்படும் பொதுச்சீனத்தில் சுரங்கள் நான்கு. 'மா' என்னும் ஓரசையை நாதசுர ஒத்துப்போல் உயரத்தில் நிறுத்தி நீட்டினால் தாய். காதில் விழாதவர் 'ஆ?' என்று வினவுவதுபோல் மேலேற்றினால் நார்ச்செடி ஒன்றின் பெயர். அடித்தொண்டைக்குத் தாழ்த்தினால் குதிரை. 'போ!' என்பதுபோல் வெட்டி இறக்கினால் ஏசுதல். தாயை அழைக்கப் போய்க் குதிரையை அழைத்தால் சிரிப்போடு போகும். 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குதல். வெட்டி இறக்கினால் விற்றல். சந்தையில் இது விளையாட்டன்று. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, வாங்க வந்த நாம் விற்க வந்தவராய் விழித்து நின்றதுண்டு. ஆகவே சொல்லை முதலிலும் சுரத்தைப் பிறகும் மனனம் செய்யாதீர்கள். இரண்டையும் ஒன்றாகவே வாயில் ஏற்றுங்கள்.

அடுத்தது மூச்சு. சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் எழுதும் 'பின்யின்' முறை 1958இல் அரசால் ஏற்கப்பட்டது. அதை உருவாக்கியோருள் முதன்மையானவர் சோ யூகுவாங், பொருளியல் படித்தவர், 2017இல் 111ஆம் வயதில் மறைந்தார். அதிலுள்ள 'பி' எழுத்தைக் கண்டவுடன் ஆங்கில நினைவில் படிப்பதே நாம் செய்யும் பிழை. அது 'பகல்' என்னும் சொல்லின் பகரம், நம்மிடம் உள்ளதே. நம்மிடம் இல்லாதது, மூச்சை உந்தித் தள்ளும் மற்றொரு பகரம். மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதட்டருகே பிடியுங்கள். 'பா' என்று தாள் அசையாமல் வெட்டிச் சொன்னால் தந்தை; தாள் பறக்கச் சொன்னால் அஞ்சுதல்.

எழுத்தை எப்போது தொடங்குவது? முதல் உலகப் போரின்போது பிரான்சில் குழி வெட்டவும் சுமை தூக்கவும் சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் எழுத்தறியாதவர். 1918இல் அங்கே சென்ற யான் யாங்சூ என்னும் பட்டதாரி இளைஞர், அவர்கள் வீட்டுக்கு மடல் எழுதிக் கொடுத்துவந்தார். பின்னர் அவர்களையே எழுதக் கற்பிக்கத் தொடங்கினார். தாயகம் திரும்பி, ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளைக் கொண்ட பாடங்களால் உழவர்க்கும் கல்வி பரப்பினார். நம் இரவுப்பள்ளிகளை நடத்தியோர்க்கு இதன் அருமை விளங்கும். அத்தொழிலாளர்க்கு எழுத்து வருமுன் பேச்சு இருந்தது. நமக்கும் அந்த வரிசையே நன்று.

இலக்கணம் மிரட்டாது. வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. நாம் 'வருகிறாயா' என்று இறுதியில் ஆகாரம் சேர்ப்பதுபோல், அவர்கள் வாக்கிய முடிவில் 'மா' சேர்த்து 'நீ லாய் மா?' என்பர். இருபது அவர்களுக்கும் இரண்டு பத்துதான்.

ஆம், முன்னிலை ஒருமை அங்கும் 'நீ'. நரைத்த தலையரான நம் தந்தையரைப் பண்ணை வீட்டுச் சிறுவர்கள் ஏக வசனத்தில் அழைக்கக் கேட்டு வளர்ந்த செவிகள் நம்முடையவை. முதியவர் ஒருவரை நோக்கி அச்சொல்லைச் சொல்ல நம் நா கூசிற்று. மதிப்புக்குரியோரை அழைக்கப் பெய்ஜிங் பக்கம் 'நின்' என்னும் சொல் உண்டு. ஐயம் தோன்றினால் அதையே சொல்லலாம். ஆயினும் அங்கே 'நீ' என்பது இழிவுச் சொல்லன்று. முன்பின் அறியாதவர்களும் ஒருவரையொருவர் அப்படி அழைப்பர். இது நமக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின. சுரங்களைவிட அதுவே கடினமாயிருந்தது என்றால் மிகையன்று.

மற்றொரு சொல் நம் நாவில் உடனே அமர்ந்தது. ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு இல்லை. வடசீனப் பேச்சில் உண்டு. 'வோமென்' பொதுச்சொல், கேட்பவரை விலக்கியும் வழங்கும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'ட்ஸான்மென்'. இதுவரை மேடையிலிருந்து பேசியது வோமென். இனிப் பழகப்போவது ட்ஸான்மென். தாள் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், 'பா'விலிருந்து தொடங்குவோம்.