விரிதாளில் சிதையும் பெயர்கள்
(அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உங்களுள் பலர் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுடன் தொடங்குகிறேன். ஓய்வூதியப் பயனாளிகளின் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக இறக்கப்படுகிறது. அதனை இருமுறை சொடுக்கி எக்செல் விரிதாளில் திறந்தால், பெயர் இருக்கவேண்டிய கட்டங்களில் தலைக்கீறலிட்ட இலத்தீன் எழுத்துகளும் வட்டத்துள் அடைபட்ட வணிகக் குறிகளும் நிரம்பிக் கிடக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில், அந்நிலையில் ஒரு பெயரும் கெட்டிருப்பதில்லை.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும், தேவநாகரிக்கும் அவ்வாறே. 'முருகன்' என்பது நமக்கு நான்கெழுத்துப் பெயர். கணினிக்கோ உகரக் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து ஏழு குறிகள். ஆக 21 பைட்டுகள். எம்முறையில் எழுதப்பட்டது என்ற செய்தி சாதாரண சி.எஸ்.வி. கோப்பில் இராது. எனவே விரிதாள், மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ் 1252 அட்டவணையைக் கொண்டு, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது.

இவ்வாறு நேர்ந்தால், கட்டங்களைத் திருத்த முற்படாமல், சேமிக்காமல் மூடிவிடுக. பின்னர் வெற்று விரிதாளில் 'தரவு' பட்டியிலுள்ள 'உரை/சி.எஸ்.வி.யிலிருந்து' என்ற வழியாகக் கோப்பைத் தேர்ந்து, அதன் மூலம் '65001 யூனிகோடு' என்று குறிப்பிடுக. பெயர்கள் மீண்டுவிடும்.

மீளாத இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. தமிழ் செவ்வனே தெரியும் விரிதாளைச் சாதாரண சி.எஸ்.வி. வகையில் சேமித்தால், 1252 அட்டவணையில் இடமில்லாத ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும். அக்கோப்பிலிருந்து பெயரை மீட்க எவராலும் இயலாது. 'சி.எஸ்.வி. யுடிஎஃப்-8' என்னும் வகை தனியே உண்டு, அதனையே தேர்க.

மென்பொருள் அமைப்போர்க்கும் ஒரு சொல். கோப்பின் தலைப்பில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை எழுதிவிட்டால் எக்செல் தானே உணர்ந்துகொள்ளும். ஆயிரம் எழுத்தர்களுக்குப் பயிற்சியளிப்பதினும் இது எளிது. ஆனால் வேறு சில நிரல்கள் அவற்றை முதல் பத்தியின் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்பத்தியே இல்லை என்று கூறும். கோப்பு யாருக்குச் செல்கிறது என்பதை அறிந்தே எழுதவேண்டும்.

வங்கிக் கணக்கு எண்களின் முன்னுள்ள சுழியங்கள் உதிர்வதும் அதே இருமுறைச் சொடுக்கினால்தான். 15 இலக்கங்களைக் கடந்த எண்ணாயின் எஞ்சியவை சுழியமாகிவிடும். ஏற்றுமுன் அப்பத்தியை 'உரை' என வகைப்படுத்துக.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பதிவேடுகளுக்கு இம்முறை பயன்படாது. எந்த எழுத்துரு என்பதை முதலில் கண்டறிந்து, உரிய மாற்றி கொண்டு யூனிகோடாக்கிய பின்னரே அவற்றை விரிதாளுக்குக் கொண்டுவரவேண்டும்.