மாணவி கேட்ட கேள்வியும் கீழடிப் பானை ஓடும்

(விழுப்புரத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திண்டிவனம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் கார்பன் பாடம். அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. 2600 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள், கீழடிப் பானையே அதற்குச் சான்று என்றது அது. கரும்பலகையில் வைரம், கிராஃபைட், ஃபுல்லரின் என்று எழுதிவிட்டு, அந்தச் செய்தியையும் பெருமையாகச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். அவளுடைய தாத்தா பானை வனைபவர். "அவ்வளவு சின்னதை அவங்க எப்படி சார் பார்த்தாங்க?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கைபேசியில் தேடினேன். அந்தச் செய்திக்கு மூலமான ஆய்வுக்கட்டுரையே முழுதாகக் கிடைத்தது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் எழுதியது. 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளிவந்தது. யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ் அது. ஆங்கிலம் கடினமாகத்தான் இருந்தது. சுருக்கத்தையும், படங்களின் கீழிருந்த விளக்கங்களையும், முடிவுரையையும் மட்டும் இரண்டு முறை படித்தேன்.

கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை ராமன் நிறமாலை, எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவற்றால் கண்டறிந்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். அந்த அளவிலான குழாய்கள். தாவரச் சாறு ஏதேனும் பூசப்பட்டு, சூளையின் உயர் வெப்பத்தில் அவை உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கூறும் விளக்கம். 'இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் செய்தியில் அந்தச் சொல் இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கி உருவானதே 1931இல்தான். ஆகவே அந்தக் குயவர் நானோ குழாயைப் பார்த்திருக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது மண்ணும் பூச்சும் நெருப்பும். 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றிலும் நானோ குழாய்களைக் கண்டார்கள். அந்த வகை வாள்கள் இந்திய உருக்கிலிருந்து செய்யப்பட்டவை. அந்தக் கொல்லருக்கும் இதே நிலைதான். காரணம் தெரியாமலேயே, செய்து செய்து தேறிய கைத்திறன் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உரியாமல் ஒட்டியிருக்கும் பூச்சு என்ற உண்மையே போதுமான பெருமை. அதற்கு மேல் நாம் பொய் சேர்க்க வேண்டியதில்லை.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் அவள் தாத்தாவிடம் கேட்டு வந்தாள். சூளையை மூடிப் புகையை உள்ளே அடக்கினால் பானை கறுக்கும். காற்று விட்டால் சிவக்கும் என்றாராம். ஆக்சிஜன் கிடைத்தால் களிமண்ணிலுள்ள இரும்பு சிவப்பு ஆக்சைடாகிறது. கிடைக்காவிட்டால் ஒடுக்கம் நடக்கிறது, கரியும் படிகிறது. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் இரண்டையும் அன்று அந்தத் தாத்தாவின் சூளையை வைத்தே நடத்தினேன். நானோ குழாய் வேறு, புகைக்கரி வேறு என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

நண்பர்களே, ஆய்விதழ்கள் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியவை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் 'கெமிக்கல் சயின்ஸ்' இதழ் 2015 முதல் எல்லோருக்கும் இலவசம். இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் வெளியிடும் 'ரெசொனன்ஸ்' நம்மைப் போன்ற ஆசிரியர்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. அதையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மாதம் ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது படிப்போம். என்ன கண்டார்கள், எப்படிக் கண்டார்கள், எதை உறுதியாகச் சொல்லவில்லை என்று மூன்று கேள்விகளை அதனிடம் கேட்போம். குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் அதைப் பகிர்வோம்.

வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து கேட்கும்போது, 'உட்காரு' என்பதற்குப் பதில், 'நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்' என்று சொல்ல நமக்கு இப்போது வழி இருக்கிறது.