சம்மனுக்கு ஒளிவதா?



கிணற்றுப் பாத்தியதை பற்றிப் பங்காளி தாவா செய்கிறார். அமீனா சம்மனுடன் வருகிறார். உடனே நம்மில் சிலர் கொல்லைப்புறமாக நழுவிவிடுகிறோம். கையெழுத்திடாவிட்டால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பு! அது நிற்பதில்லை. வாங்க மறுத்தால், அமீனா சம்மன் நகலை வீட்டுக் கதவில் ஒட்டிச் செல்லலாம். கோர்ட்டார் அதனை முறையான சார்வாக ஏற்பர். நாம் வெளியூர் சென்றிருந்தால், உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தினரிடம், பெண்களாயினும், கொடுக்கலாம். பண்ணையாளிடம் கொடுப்பது மட்டும் செல்லாது.

சார்வான நாள் முதல் 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணமிருப்பின் கோர்ட்டார் 90 நாள் வரை அனுமதிக்கலாம். வாளாவிருந்தால் ஒருதலைத் தீர்ப்பாகிக் கிணறு கைமாறிவிடக்கூடும். அதனை நீக்கக் கோரும் மனுவுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளே கெடு. சம்மன் முறைப்படி சார்வாகாதிருந்தால் மட்டுமே, தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அக்கெடு கணக்கிடப்படும். ஆகவே சம்மன் வந்தால் வாங்கி, வந்த தேதியை அன்றே அதில் குறித்து, வக்கீலிடம் காட்டுவோம்.