பாட்டரி ஆலையிலிருந்து வகுப்பறைக்கு

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கம்பெனி நிர்வாகத்திலிருந்து நிர்வாகவியல் பேராசிரியராக வந்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே தோன்றிய பெயர் சி.கே. பிரகலாத். அந்த 'சி' நம்ம கோயம்புத்தூர்தான். 1941-ல் அங்கே பிறந்தவர். லயோலாவில் பிஸிக்ஸ் முடித்துவிட்டு, 19 வயதில் சென்னையில் யூனியன் கார்பைடு பாட்டரி ஆலையில் சேர்ந்தார்.

பாட்டரி நமக்குப் புதுசா? ராத்திரி மடை பார்க்கப் போகிற நம் அப்பாமார்கள் எவரெடி டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்கியதுண்டா? (1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்ததும் அதே கம்பெனி பெயர்தான், அது தனியே பேச வேண்டிய துயரம்.)

அங்கே நாலு வருஷம். ஓர் ஆள் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று கணக்கிட்டு, அதைத் தொழிற்சங்கத்தாரோடு பேசி முடிவு செய்கிற வேலை. எதிரே உட்கார்ந்தவர்கள் லேசுப்பட்டவர்களா என்ன! அந்த வருஷங்களே தன் வாழ்க்கையின் திருப்புமுனை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அப்புறம் அகமதாபாத் ஐ.ஐ.எம்., 1975-ல் ஹார்வர்டு டாக்டர் பட்டம், மிஷிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பலர் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. பெயரும் புகழும் வந்தபின், 2000 வாக்கில், 'பிரஜா' என்று ஒரு கம்பெனி நடத்தப் போனார். மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களை அனுப்பிவிட்டு, கடைசியில் கம்பெனியையே விற்கும்படி ஆனது. ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை, 2004-ல்தான் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. ஏழைகளும் வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு ஏற்ற அளவில், விலையில் விற்கலாம் என்றார். 1983-லேயே கடலூரிலிருந்து சிக் ஷாம்பு பாக்கெட் கிளம்பிய மாநிலம் நம்முடையது. நமக்கு இது அதிசயமாகப் படவில்லை.

அவர் பல்கலைக்கழகத்திலேயே அனீல் கர்னானி என்ற பேராசிரியர் மறுத்தார். ஏழைக்கு விற்காதே, ஏழையிடம் வாங்கு. வருமானம் வந்தால்தான் வறுமை போகும் என்றார். டெல்டாக்காரன் நான், கர்னானி பக்கம்தான் சாய்வேன். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வருகிற ஊர் இது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஷாம்பு பாக்கெட்டா பிரச்னை?

ஆனால் பிரகலாதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மத்தியப் பிரதேசத்தில் 2000-ல் ஐ.டி.சி. தொடங்கிய இ-சௌபால் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. சோயா விவசாயி வண்டி கட்டுமுன்பே ஊரிலிருந்து விலை தெரிந்துகொண்டான். விற்கிறவன் பக்கமும் அவர் பார்த்தார். அதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பதே என் கட்சி. 2010-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

அந்தப் புத்தகத்துக்காக ஊர் ஊராகப் போய் விவரம் சேர்த்தவர்கள் அவருடைய எம்.பி.ஏ. மாணவர்கள். இங்கே எம்.பி.ஏ. படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குச் சென்னைக்கு ஓடாதீர்கள். வருகிற ஐப்பசியில் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் பத்து நாள் உட்காருங்கள். யார் எத்தனை நாள் காத்திருந்தார், எவ்வளவு ஈரம், சாக்கு எப்போது வந்தது, எடை எப்போது போட்டார்கள் என்று எழுதிவையுங்கள். அந்த நோட்டைச் சங்கத்துக்கு அனுப்பினால், அடுத்த மலரில் அச்சிடச் செயலாளரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.